தைப்பூசத்தை 'ரிட்ரீட்' ஆக்கி என் படத்தைப் போட்டு விற்கிறார்கள். நான் கோபப்படுவது சரியா?

பாய்விரிப்பவள் (கோலாலம்பூர்):

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்சார் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் யோகா வகுப்பு எடுக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட ஏற்பாடு. வருகிறவர்களில் வெள்ளைக்காரர்களும் சீனர்களும்தான் அதிகம். நம் ஆட்கள் ரொம்பக் குறைவு, அந்த விலைக்கு வரவும் முடியாது. பெயரும் ஊரும் வேண்டாம், ஸ்டூடியோவையும் சொல்லமாட்டேன், யாரும் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். தைப்பூச வார இறுதிக்கு பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் மூன்று நாள் ரிட்ரீட், அதாவது தங்கிச் செய்கிற முகாம், ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தலைக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்). அதன் முக்கிய நிகழ்ச்சியின் பெயர் 'காவடி பிரெத்வொர்க்'. விளம்பரத்தில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் சொல்கிறேன்: "குத்திக்கொள்ளாமலே காவடியின் உச்ச நிலையை உணருங்கள். முன் அனுபவம் தேவையில்லை, விரதம் தேவையில்லை." பூசத்தன்று காலையில் வேனில் ஏற்றித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, மாலையில் ரிசார்ட் ஹாலில் எல்லாரையும் படுக்கவைத்து வேகமாக மூச்சு விடச் சொல்வார்களாம். அதை நடத்தப்போகிறவர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர், பாலியில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்திருக்கிறார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு.

எனக்கு என்ன வேலை தெரியுமா? 'பண்பாட்டு வழிகாட்டி'. சேலை கட்டி, பொட்டு வைத்து, வாசலில் நின்று மாலை போடவேண்டும். அதற்கு ஒரு தொகை, வகுப்புக் கட்டணத்தைவிடக் குறைவு. போன தீபாவளிக்கு ஸ்டூடியோவில் மல்லிகைப்பூ வைத்து எடுத்த என் படம் ஏற்கெனவே விளம்பரத்தில் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் போய்ப் பேசினேன். இது வேண்டுதல், நேர்த்திக்கடன், சுற்றிப்பார்க்கிற பொருள் இல்லை என்று சொன்னேன். "நாங்கள் உங்கள் பண்பாட்டைக் கொண்டாடுகிறோம், நீ ஏன் இப்படி நெகடிவ் எனர்ஜி கொண்டுவருகிறாய்?" என்றார் முதலாளி அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. இடைநிலைப் பள்ளியில் என் பின்னால் உட்கார்ந்தவர்கள் என் சடையைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், தேங்காய் எண்ணெய் வாடையாம். அம்மாவிடம் சண்டை போட்டு எண்ணெய் வைப்பதையே நிறுத்தினேன். இப்போது அதே ஸ்டூடியோவின் அலமாரியில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தேங்காய் எண்ணெய், இரண்டு வெட்டிவேர் துண்டு மிதக்கிறது, 'தலைமுடிச் சடங்கு' என்று லேபிள், விலை 128 வெள்ளி. போன வருடம் அதே வட்டாரத்தில் வாடகைக்கு அறை தேடினேன், விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் போனில் என் ஆங்கிலத்தைக் கேட்டு வரச் சொன்னார், நேரில் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார். எங்கள் எண்ணெய் வேண்டும், எங்கள் முருகன் வேண்டும், நாங்கள் வேண்டாமா?

அண்ணன் சொல்கிறான், எல்லாம் வியாபாரம், பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று. பண்பாட்டு அபகரிப்பு என்கிறார்களே, இது அதுதானா, இல்லை நான்தான் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறேனா? படத்தை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? வேலையை விடுவதா?


கிள்ளான் மணி:

தங்கச்சி, படத்தைக் கேட்காமல் போட்டது அநியாயம், அதில் மறுபேச்சு இல்லை. அறை விஷயம் வெறும் இனவெறி, அதற்கு அழகான பெயர் எதுவும் தேவையில்லை. ஆனால் 'நம்முடையதைத் திருடிவிட்டார்கள்' என்கிற பாட்டு எனக்கு ஒத்துவராது.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். புண்ணை ஆற்ற மஞ்சள் பயன்படும் என்பதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டு 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. எல்லாரும் இந்தக் கதையை வெள்ளைக்காரத் திருட்டு என்று சொல்வார்கள். ஆனால் காப்புரிமையில் இருந்த இரண்டு பெயரும் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வேலை பார்த்த இந்திய வம்சாவளி ஆட்களுடையது. யோகா குரு பிக்ரம் சவுத்ரி? கொல்கத்தாக்காரர். 26 ஆசனத்தை வரிசையாகச் செய்வது என் சொத்து, வேறு யாரும் சொல்லித்தரக்கூடாது என்று அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதெல்லாம் முடியாது என்று அனுப்பிவிட்டது. எடுப்பவன் வெள்ளையாகத்தான் இருப்பான் என்று நினைக்காதே.

இன்னொன்று. நீ ஸ்டூடியோவில் சொல்லித்தருகிற யோகாவில் பெரும்பகுதி 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் வகுத்துக்கொடுத்த பாணி. அவரிடம் படித்தவர்கள் பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், அப்புறம் இன்றைய லாட்வியாவின் ரிகாவில் பிறந்த இந்திரா தேவி. ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு அவரே சொல்லிக்கொடுத்து அனுப்பினார், அந்த அம்மா ஹாலிவுட்டில் போய்ப் பள்ளி திறந்தார். கொடுத்ததை எப்படித் திருட்டு என்பது?

கடைசியாக ஒன்று, இது உனக்குப் பிடிக்காது. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் (இஸ்லாமிய மதத் தீர்ப்பு சொல்கிற அமைப்பு) முஸ்லிம்கள் யோகா செய்யக்கூடாது என்றபோது நாம் என்ன பேசினோம்? "அது வெறும் உடற்பயிற்சி, மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை." எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினோம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இப்போது வெள்ளைக்காரன் உடற்பயிற்சியாகச் செய்தால் "ஐயோ எங்கள் ஆன்மிகம்" என்கிறோம். இரண்டில் ஒன்றைப் பிடி.

காசை நிறையக் கேள். கொடுத்தால் போ, கொடுக்காவிட்டால் விடு.


தண்ணீர்மலை அக்கா (பினாங்கு):

மணி, நீ யோகாவைப் பற்றி நிறையப் படித்திருக்கிறாய், சரி. அந்தப் பிள்ளை கேட்டது காவடியைப் பற்றி. அது யாரும் யாருக்கும் அரண்மனையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது தண்ணீர்மலை அடிவாரத்தில். இங்கே தைப்பூசம் எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ரதம் வருகிற வழியெல்லாம் சீனத் தவுக்கேமார் (முதலாளிமார்) தேங்காயை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் குடும்பத்தோடு நின்று உடைப்பார்கள். சீனர்கள் காவடியும் எடுக்கிறார்கள், பால்குடமும் எடுக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு சீனப் பையன், அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது வேண்டிக்கொண்டான். 48 நாள் விரதம், தரையில் பாய் போட்டுத்தான் தூக்கம், வீட்டில் அவனுக்குத் தனிச் சட்டி. கடைசி வாரம் அவன் பாட்டி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, எலுமிச்சம்பழத்தை எப்படிக் கோர்க்கவேண்டும், எந்தப் பக்கம் கட்டவேண்டும் என்று கையாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். யாராவது அவனைப் பார்த்து 'எங்கள் பண்பாட்டை எடுத்துவிட்டாய்' என்றார்களா? எங்கள் ஆட்கள்தான் அவனைச் சுற்றி 'வேல் வேல்' சொல்லிக்கொண்டு மலை ஏறினார்கள்.

ஆக, அடுத்த இனத்தான் செய்கிறான் என்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. "விரதம் தேவையில்லை" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள் பாருங்கள், எனக்கு வயிறு எரிவது அந்த இடத்தில்தான். விரதத்தை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் என்ன இருக்கிறது? அந்த மாதிரி மயக்கம் வேண்டுமென்றால் வேறு எதையாவது செய்துகொள்ளட்டும், காவடி என்ற பெயர் எதற்கு? பெயர் எதற்கென்றால் பெயருக்குத்தான் 1,850 வெள்ளி.

இன்னொன்றும் சொல்கிறேன். காவடிக்கு உறுமி மேளம் வாசிக்கிற நம் பையன்கள். இளவட்டங்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக வருவார்கள். அவர்களைப் பார்த்தால் இந்த ஊரில் எத்தனை பேர் பையைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள்? 'கேங்' பையன்கள் என்பார்கள். என் அக்கா மகன் அப்படி ஒரு குழுவில் வாசிக்கிறான், பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, உறுமித் தோலை வார் பிடித்துக் காயவைக்கத் தெரிந்த பையன், அவனைச் சாலைத் தடுப்பில் நிறுத்தி மேளத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கச்சி, அந்த ரிட்ரீட் ஹாலில் மேளம் உண்டா? உண்டென்றால் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்.


பழைய லயத்து ஆள்:

நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், இப்போது பணி ஓய்வு பெற்றுச் செராசில் மகளோடு இருக்கிறேன். பேரப்பிள்ளைதான் இந்த விவாதத்தைக் காட்டினான்.

மணி தம்பி மைசூரைச் சொன்னார். நம் ஊர்க் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி என்பவர் 1913இல் மலாயாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார், பிறகு ஜொகூர் பாருவில். அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தது மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்த தோட்டத்து ஜனங்களுக்கு. 1923இல் கப்பல் ஏறித் திரும்பிப் போனார், ரிஷிகேசத்தில் சாமியார் ஆனார். சுவாமி சிவானந்தா என்றால் உலகத்துக்கே தெரியும். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா 1959இல் கனடாவில் மாண்ட்ரியலில் மையம் திறந்தார், பத்து வருடம் கழித்து மேற்கின் ஆரம்பகால யோகா ஆசிரியர் பயிற்சிகளில் ஒன்றைத் தொடங்கிவைத்தார். இன்றைக்குப் பங்சாரில் சான்றிதழ் மாட்டிவைத்திருக்கிறவர்களில் பலருக்கு இந்த இழை சிரம்பான் பக்கத்துத் தோட்டம் வழியாகப் போனது என்பது தெரியாது. தமிழர்களுக்கே தெரியாது. (பத்தமடை என்றாலே கோரைப் பாய்தான், பாய்விரிப்பவள் என்று பெயர் வைத்த அம்மாவுக்குப் பொருத்தம்.)

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எங்கள் லயத்தில் பிள்ளைப்பேறு பார்த்தது ஒரு கிழவி, நாவிதர் வீட்டுப் பெண். ஊரிலேயே அந்தச் சாதிப் பெண்கள்தான் மருத்துவச்சிகள், அந்தச் சாதிக்கே மருத்துவர் என்றுதான் பெயர். மஞ்சள், வேப்பிலை, காய மருந்துச் சரக்கு வைத்துக் கிண்டிய லேகியம், பிள்ளைக்குக் குளிப்பாட்டுகிற முறை எல்லாம் அவர் கையில். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் குழியில் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். நானும் என் தம்பி தங்கைகளும் அந்தக் கையில் விழுந்தவர்கள். அந்தக் கைக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை? வாசலில்தான் காப்பி, தனிக் குவளை, அதுவும் சுவரில் ஆணி அடித்து வெளியே மாட்டியிருக்கும். அவர் பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்?

இப்போது 'பாரம்பரியப் பிரசவப் பராமரிப்பு' என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மலாய்க்காரப் பிடான்கள் (மருத்துவச்சிகள்) வயிற்றில் பெங்கோங் துணி சுற்றுவதை வெளிநாட்டில் வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று மகள் காட்டினாள். வெள்ளைக்காரன் எடுத்தான் என்று சொல்லும்போது, எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஆணியையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. கோபப்படாதீர்கள்.


கிள்ளான் மணி:

ஐயா, இதைத்தான் நானும் சொல்கிறேன். 'நம்' என்கிறோமே, அந்த நம்மில் யார் யார்?


செந்தூல் நர்ஸ்:

நர்ஸ் வேலை, இரவுப் பணி முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மணி அண்ணே, கொடுத்தது எடுத்தது என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு உதாரணம். 1970இல் நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸில் லிங்கன் மருத்துவமனை. ஹெராயின் ஊரையே அழித்துக்கொண்டிருந்தது, அரசாங்கத்திடம் ஒழுங்கான சிகிச்சை இல்லை. யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமை அமைப்பு ஆட்களும் மருத்துவமனையின் ஒரு பகுதிக்குள் புகுந்து உட்கார்ந்து போதை மீட்பு மையத்தைத் தொடங்கவைத்தார்கள். அப்புறம் ஹாங்காங்கில் ஒரு மருத்துவர் காதில் ஊசி குத்தி அபின் பழக்கத்துக்கு நிவாரணம் கொடுக்கிறார் என்று தெரிந்து, சீன அக்குபஞ்சர் கற்றுக்கொண்டு இலவசமாகச் செய்தார்கள். முத்துலு ஷகூர், பாடகர் டுபாக்கின் வளர்ப்புத் தந்தை, அங்கே அக்குபஞ்சர் செய்தவர்களில் ஒருவர். காதில் ஐந்து இடத்தில் ஊசி போடுகிற அந்த முறை இன்றைக்கு உலகம் முழுக்கப் போதை மீட்பில் பயன்படுகிறது.

கறுப்பினத்தவர்கள் சீனர்களுடையதைத் திருடினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை, வருடக்கணக்கில் படித்தார்கள், காசு பிடுங்கவில்லை, செத்துக்கொண்டிருந்த தங்கள் ஜனங்களுக்குச் செய்தார்கள். 1978இல் நகர நிர்வாகம் போலீசை அனுப்பி அவர்களை வெளியேற்றியது. அதே அக்குபஞ்சரை இப்போது ஸ்பாக்களில் முகம் பளபளக்கப் போடுகிறார்கள், அங்கே போலீஸ் வருவதில்லை. தண்ணீர்மலை அக்கா சொன்ன உறுமிப் பையன்கள் கதைதான் இது.

நாமும் சும்மா இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் சிலர் வீட்டில் சாம்பிராணியை விட்டுவிட்டு வெள்ளை சேஜ் இலைக்கட்டு கொளுத்துகிறார்கள், அது மாடர்னாம். அது தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோவிலும் மட்டும் வளர்கிற செடி, அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதம். காட்டில் திருட்டுத்தனமாக மூட்டை மூட்டையாகப் பறிக்கிறார்கள். அந்த மக்களின் சடங்குகளையே அமெரிக்க அரசாங்கம் பல காலம் ஒடுக்கிவைத்திருந்தது, அவர்களின் வழிபாட்டு உரிமையைக் காக்க ஒரு சட்டம் வந்ததே 1978இல்தான். இங்கே அந்தக் கட்டு ஒன்றை நாற்பது ஐம்பது வெள்ளிக்கு விற்கிறார்கள்.

இனி நர்ஸாக ஒன்று. அந்த மூச்சு நிகழ்ச்சி எனக்குப் பயமாக இருக்கிறது. வேகமாக, ஆழமாக, நீண்ட நேரம் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், கை கால் மரத்து விரல் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். 'உச்ச நிலை' என்று அவர்கள் சொல்வதில் பாதி அதுதான். வலிப்பு உள்ளவர், இதய நோயாளி, கர்ப்பிணி இவர்கள் செய்யவே கூடாது. அந்த விளம்பரத்தில் உடல்நிலை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? 2009இல் அரிசோனாவில் செடோனா அருகே ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றக் குரு, பூர்வகுடிகளின் வியர்வைக் கூடாரச் சடங்கைத் தன் இஷ்டத்துக்கு நடத்தினார். தலைக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் வாங்கியிருந்தார். மூன்று பேர் செத்துப்போனார்கள், 2011இல் அவருக்குத் தண்டனை. காவடி எடுப்பவரைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் யோசித்துப் பாருங்கள். விபூதி போட ஒரு பெரியவர், தண்ணீரோடு அம்மா, முதுகைத் தாங்க அண்ணன் தம்பி, கண்ணைப் பார்த்தே 'இவன் தள்ளாடுகிறான்' என்று கண்டுபிடிக்கிற குருசாமி. அந்த ரிசார்ட்டில் யார் இருக்கிறார்கள்?

இங்கே 2016ஆம் வருடத்துப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், 775ஆம் சட்டம் என்பார்கள், அது இருக்கிறது. ஆயுர்வேதம், சித்தா எல்லாம் அதில் பாரம்பரிய இந்திய மருத்துவம் என்ற பிரிவில் வருகிறது. ரிட்ரீட்டில் 'சிகிச்சை', 'வர்மம்' என்றெல்லாம் போட்டிருந்தால் செய்கிறவர் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். மூச்சுப் பயிற்சி அதற்குள் வருமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டாலே வார்த்தையைப் பார்த்துப் போடுவார்கள்.


பாய்விரிப்பவள்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மூன்று தடவை படித்தேன்.

மணி அண்ணே, 2008 பற்றிச் சொன்னது சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சனிக்கிழமைகளில் நான் செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் அம்மாக்களுக்கு இலவசமாக எடுக்கிறேன், மலாய் அக்காமார் சிலர் வருகிறார்கள். அவர்களுக்காக ஓம் சொல்வதில்லை, வணக்கத்துக்குக் கை கூப்புவதும் இல்லை, முட்டி வலிக்கும் இடுப்பு வலிக்கும் மட்டும் சொல்லித்தருகிறேன். அவர்கள் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் நம்பிக்கைக்கு எது ஆகாதோ அதை விட்டுவிட்டு வருகிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு எனக்கு ரெண்டாங் கறி வருகிறது. இது ஒரு பக்கம். பூஜை, வேல், காவடி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, அதைக் கும்பிடுகிறவர்களை மட்டும் வாசலில் நிற்கவைப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

லயத்து ஐயா, அந்த ஆணி மனசை என்னவோ செய்துவிட்டது. என் பாட்டியிடம் கேட்டேன், எங்கள் தோட்டத்திலும் அப்படித்தானாம்.

சான்றிதழ் பேச்சு வந்ததால் ஒன்று. எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில், காசு வாங்காமல். அதைச் சொன்னால் எந்த ஸ்டூடியோவும் வேலை தராது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய யோகா அலையன்ஸ் என்ற அமைப்பின் 200 மணி நேரச் சான்றிதழ் வேண்டும். கடன் வாங்கித்தான் அதை முடித்தேன், அதில் சமஸ்கிருதப் பெயர்களை உச்சரிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆஸ்திரேலியக்காரர். நல்ல மனுஷி, அது வேறு விஷயம்.

இப்போது படத்தை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.


செந்தூல் நர்ஸ்:

படத்துக்கு வழி இருக்கிறது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 709ஆம் சட்டம். வியாபாரத்துக்காக உன் தகவலைப் பயன்படுத்தினால் உன் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தையும் எழுத்து மூலமாகத் திரும்பப் பெறலாம். நீ கொடுக்கவே இல்லை. வாட்சாப்பில் பேசாதே, மின்னஞ்சல் அனுப்பு, தேதி போடு, எந்தெந்த இடத்தில் படம் இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடு. அதற்கு முன் உன் ஒப்பந்தத்தில் விளம்பரப் படம் பற்றி ஏதாவது கையெழுத்து போட்டிருக்கிறாயா என்று பார்த்துக்கொள்.


கிள்ளான் மணி:

வேலையை இப்போதே விடாதே. அவர்கள் அனுப்பட்டும், நீயாகப் போகாதே. செந்தூல் வகுப்புக்கு ஏன் காசு வாங்குவதில்லை? ஆளுக்கு ஐந்து வெள்ளி வாங்கு, முடியாதவர்கள் தரவேண்டாம். இலவசம் என்றால் நம் ஆட்களும் மதிக்கமாட்டார்கள், இது என் அனுபவம்.


பழைய லயத்து ஆள்:

மணி தம்பி சொன்னதை முதல்முறையாக முழுசாக ஆமோதிக்கிறேன்.


பாய்விரிப்பவள்:

நிலவரம் சொல்கிறேன். மின்னஞ்சல் அனுப்பினேன். ஒப்பந்தத்தில் படம் பற்றி ஒன்றும் இல்லை. முதலில் பதில் வரவில்லை, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு மறுபடி அனுப்பியதும் படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மாடல் பெண், வெளுத்த தோல், நெற்றியில் பொட்டு. 'காவடி' என்ற சொல் போய்விட்டது, 'பரவச மூச்சு' என்று மாற்றியிருக்கிறார்கள், விலை அதேதான். உடல்நிலைக் கேள்வித்தாள் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அது உங்கள் புண்ணியம் நர்ஸ் அக்கா. நான் பினாங்குக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாத அட்டவணையில் எனக்கு ஒரு வகுப்பு குறைந்திருக்கிறது, காரணம் சொல்லவில்லை.

தண்ணீர்மலை அக்கா, மேளம் பற்றிக் கேட்டீர்களே. ஹாலில் போடப்போகிறது உறுமி மேளப் பதிவுதான். யார் வாசித்தது என்று கேட்டேன். யூடியூபில் எடுத்ததாம், 'லோக்கல் டிரம்ஸ்' என்று கோப்புக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் கேட்டேன், நடுவில் குழுவின் பெயரைக் கத்திச் சொல்கிறார்கள், அந்த இடத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள், ஆனால் கடைசியில் ஒரு தடவை வருவதைக் கவனிக்கவில்லை.


தண்ணீர்மலை அக்கா (பினாங்கு):

அந்தக் கடைசித் துண்டை எனக்கு அனுப்பு. என் அக்கா மகனிடம் போட்டுக்காட்டுகிறேன், பினாங்குக் குழுவாக இருந்தால் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ரிட்ரீட்டுக்கு எத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்றும் விசாரித்துச் சொல். குழுத் தலைவர் பெயரில் பில் போட்டு அனுப்பச் சொல்கிறேன், நேரில் வந்து வாசிப்பதற்கு ஒரு ரேட், பதிவைப் போடுவதற்கு ஒரு ரேட்.